ஐந்தெழுத்து, பத்து வார்த்தை

— அக்கா, எல்லாரும் எங்க? வாசல்ல வேனக் காணோம்.

— அனுப்பி விட்டுட்டேன்.

— எங்க, கோயிலுக்கா?

— அவங்க ஊருக்கு. குஜிலியம்பாறைக்கு. எந்தப் பாதையா வந்தாங்களோ அந்தப் பாதையாவே போகச் சொல்லிட்டேன்.

— வெளையாடாதக்கா. ரெண்டு கையும் கனக்குது. ஞாயித்துக்கெழமக் கூட்டத்துல இடிபட்டு மிதிபட்டு, வந்தவுக அம்புட்டுப் பேருக்கும் பிரியாணி, தாள்ச்சா, சுக்கான்னு தூக்கிட்டு வாரேன். பொண்ணு பாக்க வந்த சனத்தப் பச்சத் தண்ணியோடயா அனுப்புன?

— காபியோட. அதுவும் பாதி டம்ளர்ல அப்பிடியே கெடக்கு பாரு. அதக் கீழ வச்சிட்டு ஒக்காரு சூசை.

— என்னத்தச் சொல்ல. நான் அந்தப் பக்கம் போயி செத்த நேரந்தான் ஆச்சு. அதுக்குள்ள என்ன வந்துச்சு? நக நட்டு கேட்டாகளா?

— அதக் கேட்டிருந்தாக்கூட பேசித் தீத்துருப்பேன். பரீட்ச வச்சாங்கடா. என் மகளுக்கு. என் வீட்ல, என் நாக்காலியில ஒக்காந்துக்கிட்டு.

— பரீட்சையா?

— இங்கிலீஷ் பரீட்ச. நான் கேக்குறேன், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தாங்களா, இல்ல கான்வென்ட்டுக்கு அட்மிசன் போட வந்தாங்களா?

— செத்த பொறுக்கா. மூச்சு வாங்குது ஒனக்கு. மொதல்லருந்து சொல்லு.

— சொல்றேன். நீ பிரியாணிக்குப் போன ஒடனே ஷைனியக் கூட்டிட்டு வரச் சொன்னேன். மருமக ஜோஸ்பின்தான் சேல கட்டிவிட்டுக் கூட்டியாந்தா. அந்த மாம்பழக் கலர் பட்டு. நைட் டூட்டி பாத்துப் பாத்துப் புள்ளைக்குக் கண்ணச் சுத்திக் கறுத்துக் கெடக்கே, ஒரு பவுடர்கூடப் பூசிக்க மாட்டேங்கிறாளேன்னு எனக்கு ஒரே இது. ஆனா வந்து நின்னா பாரு, நல்லாத்தான் இருந்தா. மாப்ள பெலிக்ஸ் ஒரு தரம் நிமுந்து பாத்துட்டு டக்குன்னு குனிஞ்சிக்கிட்டான். போன்ல ஒரு மாசமாப் பேசுன புள்ளைக, நேர்ல பாத்ததும் வெக்கப்படுதுக. சரி, முடிஞ்ச மாதிரிதான்னு எனக்கு மனசுல ஒரு நெறவு.

— எனக்கும் அதே நெனப்புதான்க்கா.

— அப்பத்தான் அந்தப் பையனோட அம்மா, ஐரின், எந்திரிச்சு வந்தாங்க. வந்து எங் கையப் புடிச்சிக்கிட்டு, டீச்சர், ஒங்க வீட்டு வழக்கப்படியே ஆரம்பிச்சிரலாமான்னு கேட்டாங்க. நான் என்ன நெனச்சேன்? செபம் சொல்லித் தொடங்கணும்ங்கிறாங்கன்னு நெனச்சேன். அடடா, ஆண்டவருக்குப் பயந்த குடும்பம்னு உள்ளம் குளுந்து போச்சு. எந்திரிச்சு நின்னு சிலுவை போட்டு, அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சிட்டேன்.

— அவுக?

— அவங்களும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே எந்திரிச்சு நின்னாங்க. முழுசாச் சொல்லி, ஆமென் போட்டு ஒக்காந்தேன். ஒக்காந்தா, அவங்க மருமகன் கிளெமென்ட் தொண்டையச் செருமுறாரு.

— அந்த வாத்தியாரு.

— அவரேதான். வாட்ச்சக் கழத்தி உள்ளங்கையில வச்சிக்கிட்டுச் சொல்றாரு, ஷைனி, பி எழுத்துல ஆரம்பிக்கணும், சரியா அஞ்செழுத்து இருக்கணும், அந்த மாதிரி பத்து இங்கிலீஷ் வார்த்த சொல்லுங்க, ஒரு நிமிசம் டைம்னு.

— வாட்ச்சக் கழத்தியா?

— ஆமாங்கிறேன். ஏன், ஒம் மொகம் ஒரு மாதிரி போகுது? பாத்தியா, ஒனக்கே பொறுக்கல.

— இல்லக்கா, வெயில்ல நின்னு வந்தேன்ல. நீ சொல்லு.

— எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. இவ யாரு? ஐசியூல நாலு வருசமா வேல பாக்குறவ. மூச்சு நின்னு போறவங்களத் தட்டி எழுப்பி மூச்சு விட வைக்கிறவ. பெரிய டாக்டரே ஷைனி டூட்டியில இருக்காளான்னு கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு. அவகிட்டப் போயி அஞ்செழுத்துல வார்த்த சொல்லுங்கிறாங்க.

— புள்ள என்ன பண்ணுச்சு?

— என்னையப் பாத்துச்சு. என்ன நெனச்சாளோ, சரின்னு வெரல மடக்கிச் சொல்ல ஆரம்பிச்சிட்டா. பிரெட். பிளாக். பிரவுன். வந்திருந்த சனம் அம்புட்டும் கூடச் சேந்து எண்ணுது சூசை, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரி. போர்டு. பிரஷ். பிரிக். அப்பறம் பிளட்டுன்னா. அவங்க பெரியம்மா ஒருத்தி, ஐயையோ ரத்தமான்னு சிரிக்கிறா. அதோட நின்னு போச்சு. ஏழோட. புள்ளைக்கு மொகமெல்லாம் செவந்து, குனிஞ்ச தல நிமுரல. அந்த மனுசன் வாட்ச்சப் பாக்குறாரு, இவளப் பாக்குறாரு. நான் பெத்த புள்ள அப்பிடி எங்கயுமே முழிச்சு நின்னது கெடையாது.

— பாவம்.

— பாவமா? இன்னம் கேளு. அந்த ஐரின் அம்மா எந்திரிச்சு வந்து ஷைனி கன்னத்தத் தடவி, பரவால்ல தாயி, ஏழு போதும், எங்களுக்கு ஏழே ஜாஸ்தின்னாங்க. ஏழு போதுமாம். என் மகளுக்கு அவங்க பாஸ் மார்க்குப் போடுறாங்க.

— அவுக நல்லவிதமாத்தான் சொல்லியிருப்பாக.

— என்ன நல்லவிதம்? ஒரு காலத்துல பொண்ணப் பாட்டுப் பாடச் சொன்னாங்க. ஊமையான்னு பாக்கவாம். நடந்து காட்டச் சொன்னாங்க. நொண்டியான்னு பாக்கவாம். என்ன கொழம்பு, என்ன வெஞ்சனம் வைப்பன்னு கேட்டாங்க. அதையெல்லாம் தாண்டி வந்துட்டோம், புள்ளைகளப் படிக்க வச்சிட்டோம், சம்பாதிக்க வச்சிட்டோம், இனிமே ஒருத்தனும் நம்ம புள்ளைகள நிறுத்தி வச்சு சோதிக்க மாட்டான்னு நெனச்சேன். இப்ப புதுசா இது வந்திருக்கு. பாட்டுக்குப் பதிலா இங்கிலீஷ். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

— நீ என்னக்கா சொன்ன அதுக்கு?

— எந்திரிச்சேன். எம் மக ஒங்க வீட்டுக்கு மார்க்கு வாங்க வரல, காபியக் கீழ வச்சிட்டு எந்திரிங்கன்னேன்.

— மெதுவாத்தானே சொன்ன?

— எதுத்த வீட்டு சௌகத் அலி பாய் ஜன்னலத் தெறந்து பாத்தாரு.

— என்னத்தச் சொல்ல.

— அந்தம்மா திருதிருன்னு முழிச்சாங்க. டீச்சர், நாங்க மொறையில எதுவும் கொறச்சிட்டமான்னு ஆரம்பிச்சாங்க. நான் காதுலயே வாங்கல. அவங்க தோட்டத்து மல்லிப்பூவாம், பந்து பந்தாக் கட்டிக் கொண்டாந்திருந்தாங்க. அதையும் கூடையோட எடுத்துக் கையில குடுத்துட்டேன். மாப்ள மட்டும் உள்ள பாத்துக்கிட்டே படியெறங்குறான். இவ அறைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. ஜோஸ்பின் கூட இருக்கா.

— அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். பையன் தங்கமான பையன். துபாய்ல இருக்கான், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. நம்ம புள்ளைக்கும் புடிச்சிருக்கு. ஒரு வெளையாட்டுக் கேள்விக்காக நல்ல சம்பந்தத்தத் தூக்கிப் போடலாமா?

— வெளையாட்டா? நீ எந்தக் கட்சி சூசை? ஒம் வாழக்கா மண்டியில தாரு பாக்க வர்றவன் ஒம் மகளப் பாத்து, எங்க, சி எழுத்துல ஒரு பத்துச் சொல்லும்மான்னு கேட்டா நீ சும்மா விடுவியா?

— விட மாட்டேன்.

— பெறகு? இதுல எனக்கு இன்னொரு எரிச்சல். கேக்குறதுதான் கேட்டாங்க, எந்த எழுத்தக் கேட்டாங்க? பி. ஒண்ணாப்புப் புள்ளைகளுக்குக் குடுக்குற எழுத்து. நாகல் நகர்ல யார வேணா கேளு, முப்பது வருசம் இங்கிலீஷ் நடத்துனவ இந்த அன்னாள் டீச்சர். அவ மகளுக்கு பி எழுத்து. அவ்வளவு எளக்காரம்.

— அப்ப எஸ்ல ஆறெழுத்துக் கேட்டிருந்தா சும்மா இருந்திருப்பியா?

— எஸ்ஸா? எஸ் எங்கருந்து வந்துச்சு?

— ஒண்ணுமில்ல. வாயில வந்துச்சு.

— நான் விடப் போறதில்ல சூசை. அடுத்த ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நேரா சாமியார்கிட்டப் போறேன். பொண்ணு பாக்கப் போற எடத்துல இந்த மாதிரி பரீட்ச வைக்கிறது மனுசத்தனமா, மேடையில சொல்லிக் கண்டிங்க ஃபாதர்னு சொல்லப் போறேன். இந்தக் கேவலமான பழக்கத்த மொதல்ல ஆரம்பிச்சது யாருன்னு எனக்குத் தெரியணும். அந்த மொகரையப் பாக்கணும்.

— அக்கா, சாமியார் வரைக்கும் வேணாம்.

— ஏன்?

— வேணாம்னா விடு. நான் செத்த வெளிய போயிட்டு வாரேன். பிரியாணிய எங்கயாச்சும் மூடி வை.

— நில்லு. ஒக்காரு. பரீட்ச ஹால்ல பிட்டு வச்சிருக்கிற பயலோட முழி எனக்குத் தெரியாதா? நீ எதையோ மறைக்கிற.

— மறைக்கல. சொல்ல வாய் வரல.

— வர வை.

— போன வாரம் அவுக ஊருக்குப் போனேன்ல, பேசி முடிக்க. அந்த ஐரினுக்கு ஒரே பயங்க்கா. நாங்க மானாவாரிக் காட்டுச் சனம், நான் எட்டாப்பத் தாண்டல, அவுக டீச்சர் குடும்பம், அந்த வீட்ல வந்து எப்பிடி ஒக்காரணும், என்ன பேசணும், எதும் தெரியாம நடந்து அவமானப்பட்டுருவமோன்னு கையப் பெசஞ்சிக்கிட்டு நின்னுச்சு. எனக்கு நம்ம குடும்பத்தப் பத்திப் பெரும பேசணும்னு ஆச வந்துருச்சு.

— என்ன சொன்ன?

— எங்கக்கா வீடு சாதாரண வீடு இல்ல, இங்கிலீஷ் வீடுன்னேன். மருமக எடுத்தப்பவே, இந்த எழுத்து, இத்தன எழுத்து, பத்து வார்த்தன்னு சொல்ல வச்சுத்தான் எங்கக்கா எடுத்துச்சு, எங்க பக்கம் பொண்ணு பாத்தா அதுதான் வழக்கம்னு சும்மா அளந்து விட்டுட்டேன்.

— வழக்கம்னா சொன்ன?

— வழக்கம்னுதான் சொன்னேன். அந்தம்மா அதக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டிருக்கு. ஒங்க வீட்டு வழக்கப்படி ஆரம்பிக்கலாமான்னு கேட்டது அதத்தான். நீ பாட்டுக்கு அருள் நிறைந்த மரியே சொல்லியிருக்க.

— சூசை.

— திட்டு. திட்டி முடிச்சிரு.

— ஒன்னைய அப்பறமாத் திட்டுறேன். அது வேற, இது வேற. நான் ஜோஸ்பின்கிட்டக் கேட்டது பரீட்ச இல்ல. அது கிளாஸ்ல வெள்ளிக்கெழம கடைசிப் பீரியடு, புள்ளைக கத்தாம இருக்க நான் வைக்கிற வெளையாட்டு. அவளப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கி ஆத்தூர்ல அவங்க வீட்ல எல்லாரும் உம்முன்னு ஒக்காந்திருந்தாங்க. சும்மா கலகலப்பா இருக்கட்டுமேன்னு கேட்டேன். அவளும் கடகடன்னு பத்தும் சொன்னா. எல்லாரும் கை தட்டுனாங்க. அவ அப்பா மரியராஜ் எப்பிடிச் சிரிச்சாரு.

— அவரு சிரிச்சதப் பாத்தியா நீ?

— பாத்தேனே. சிரிச்சிக்கிட்டே, எளநி வெட்டியாரேன்னு எந்திரிச்சுப் போனாரு.

— நான் பின்னாலயே போனேங்க்கா, ஒத்தாசைக்கு. அவரு எளநி வெட்டல. தென்னைய ஒரு கையால புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நின்னாரு. துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு. என்னையப் பாத்ததும், வெயிலு தம்பின்னாரு. தோப்புக்குள்ள ஏது வெயிலு?

— இத எங்கிட்ட ஏன் அன்னைக்கே சொல்லல?

— எங்க சொல்ல? நானே வெட்டி, எளநியோட நாங்க திரும்பி வாரப்ப நீ நடுக் கூடத்துல நின்னு, புள்ள பாஸுன்னு சொல்லிக்கிட்டு இருந்த.

— நான் அன்பாச் சொன்னேன்.

— அந்தம்மாவும் ஏழு போதும்னு அன்பாத்தான் சொல்லுச்சு.

— நீ ரொம்பப் பேசாத. ஜோஸ்பின். ஏ ஜோஸ்பின். இங்க வா செத்த.

— வந்துட்டேன் அத்தே. சித்தப்பா, மொதல்ல தண்ணி குடிங்க. வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு.

— ஷைனி என்ன பண்றா?

— அழுது முடிச்சிட்டா. பெலிக்ஸ் போன் பண்ணாரு அத்தே. அவங்க இன்னும் ஊருக்குப் போகலையாம். பைபாஸ்ல ஒரு டீக்கடை ஓரமா வேன நிறுத்திட்டு ஒக்காந்திருக்காங்க. அவங்கம்மா அழுகைய நிறுத்தலையாம். சொன்ன மாதிரிதானே செஞ்சோம், எதுல தப்புச் செஞ்சோம்னு திரும்பத் திரும்பக் கேக்குறாங்களாம்.

— கேட்டியா அக்கா?

— நீ வாய மூடு சூசை.

— அந்த எழுத்து அவங்கம்மா பாத்து வச்சதாம் அத்தே. மருமகன்கிட்ட, இருக்கிறதுலயே லேசான எழுத்தாக் கேளுங்க தம்பி, நம்ம வீட்டுக்கு வர்ற புள்ள நாலு பேரு முன்னாடி தடுமாறக் கூடாதுன்னு சொன்னாங்களாம். அவருதான் யோசிச்சு, பி-ல சுலபமா நெறைய வரும்னு சொல்லியிருக்காரு.

— சரி, அது இருக்கட்டும். இவ ஏன் ஏழோட நின்னா? அதச் சொல்லு. இங்கிலீஷ் டீச்சர் மகளுக்கு அதுக்கு மேல தெரியாமப் போச்சா?

— எட்டாவது வாய் வரைக்கும் வந்துருச்சாம். பிரைடு. மாப்ள எதிர்ல ஒக்காந்திருக்காரு, கல்யாணப் பொண்ணுன்னு எப்பிடிச் சொல்றதுன்னு வெக்கம் வந்துருச்சாம். அப்பறம் அத விட்டா வேற எதுவுமே ஞாபகம் வரலையாம்.

— கிறுக்கச்சி.

— அவளுக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கு அத்தே. நீங்க ஒரு போன் போட்டா போதும், திரும்பி வந்துருவாங்க. பிரியாணிகூட இன்னும் ஆறல.

— நான் போடணுமா? வெளிய போங்கன்னு சொன்ன வாயால வாங்கன்னு சொல்லணுமா? சூசை பேசட்டும்.

— சித்தப்பா பேசுனதுலதான் அத்தே இவ்வளவும்.

— அது சரிதான்மா. நான் இனிமே மண்டியில மட்டுந்தான் வாயத் தொறப்பேன்.

— ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னையக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க. ஜோஸ்பின், நீயே சொல்லு. அன்னைக்கி ஆத்தூர்ல நான் வார்த்த கேட்டப்ப நீ சிரிச்சியா இல்லியா?

— சிரிச்சேன் அத்தே.

— பாத்துக்க சூசை.

— எஸ்ல ஆறெழுத்து கேட்டீங்க. ஸ்கூல், சிஸ்டர், சில்வர், ஸ்ட்ரீட்னு பத்தும் சொன்னேன். நீங்க வாட்ச்சப் பாத்து, டைமுக்குள்ள முடிச்சிட்டான்னு சொன்னப்ப சிரிச்சேன். இப்பவும் தூக்கம் வராத அன்னைக்கி அந்தப் பத்தும் வரிசையா வந்து நிக்கும்.

— இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொன்னியா நீ?

— நீங்க நல்லா வச்சிருக்கீங்க அத்தே. சண்டைக்கு எடுக்குற மாதிரி அத எதுக்குச் சொல்ல? ஷைனி இன்னைக்கி விரல மடக்குனா பாருங்க, அப்ப நான் கதவுக்கிட்ட நின்னேன். எனக்கும் விரல் மடங்குச்சு.

— சரிடி. ஆனா ஒண்ணு. நான் இன்னைக்கி எந்திரிச்சு நின்னதுல தப்பே கெடையாது. புள்ளையப் பெத்தவங்க யாரா இருந்தாலும், அந்த எடத்துல எந்திரிச்சுத்தான் இருப்பாங்க.

— இந்தாங்க அத்தே, புடிங்க, ஐரின் அம்மாவுக்கு ரிங் போயிட்டிருக்கு. பெத்தவங்க எல்லாராலயும் எந்திரிக்க முடியல அத்தே. எங்கப்பா அன்னைக்கி எந்திரிச்சிருந்தா, நான் இந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்.